முதலில் ஸ்டாண்டு, அப்புறம் ஜாக்கி: வீட்டில் காரைத் தூக்க எதை வாங்கலாம்?

ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் பார்ப்பது, டயரை முன்னும் பின்னுமாக மாற்றிப் போடுவது போன்ற வேலைகளை வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்ளும் ஆட்கள் நம் குமரி மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். புதிதாக இதில் இறங்குபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஜாக்கி வாங்கலாம்?" நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ டூல்ஸ் கடையில் போய்க் கேட்டால் நாலைந்து வகை எடுத்து வைப்பார்கள். எல்லாவற்றிலும் 2 டன், 3 டன் என்று எழுதியிருக்கும். நம் கார் ஒரு டன்கூட வராதே, எதை எடுத்தாலும் போதும் என்று தோன்றும்.

என் கருத்தில் கேள்வியை வேறு இடத்தில் தொடங்க வேண்டும். காரைத் தூக்குவது ஒரு வேலை, தூக்கிய காரைத் தாங்கி நிறுத்துவது இன்னொரு வேலை. ஜாக்கி எதுவானாலும் முதல் வேலைக்கு மட்டும்தான் செய்யப்பட்டது. காருக்கு அடியில் கையோ தலையோ போகும் என்றால், தாங்கி நிறுத்தும் பொருளுக்குத்தான் முதலில் காசு ஒதுக்க வேண்டும். அதனால் இந்த ஒப்பீட்டில் ஜாக்கிகளோடு ஸ்டாண்டு (தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்), ராம்ப் (சக்கரத்தை ஏற்றி நிறுத்தும் சரிவு மேடை), குழி, ஒர்க்‌ஷாப் லிஃப்ட் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறேன். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது உங்கள் வீட்டுத் தரை.

தரை எப்படி இருக்கிறது?

கல்குளம், விளவங்கோடு பக்கம் ஏறி இறங்கும் நிலம். தக்கலை, குலசேகரம், அருமனை பக்கமெல்லாம் வீடு ரோட்டைவிட நாலடி மேலே இருக்கும், இல்லையென்றால் கீழே இருக்கும். கேட்டிலிருந்து போர்ச் வரை சரிவாகவே வரும். அகஸ்தீஸ்வரம், தோவாளை பக்கம் நிலம் ஓரளவு சமம். ஆனால் கடலோரத்தில் குளச்சல், முட்டம், மணக்குடி என்று போனால் மணல். இதற்கு மேல் இரண்டு மழைக்காலம். ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. செம்மண் முற்றம் வெயிலில் கல்லு மாதிரி இருக்கும். இரண்டு நாள் மழை பெய்தால் ஜாக்கியின் அடித்தட்டு அதில் பதிந்து ஒரு பக்கமாகச் சாயும்.

இப்போது நிறைய வீடுகளில் முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்திருக்கிறார்கள். பார்க்கச் சமமாகத் தெரிவதால் இதுதான் அதிகம் ஏமாற்றும். ஒவ்வொரு கல்லும் மணலின் மேலோ பாறைப்பொடியின் மேலோ தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறது. கார் டயர் எடையைப் பரப்பிக் கொடுப்பதால் தாங்குகிறது. ஸ்டாண்டின் ஒரு கால் ஒரே கல்லின் ஓரத்தில் நின்றால் அந்தக் கல் திரும்பும். மழைநீர் அடியில் ஓடி மணலை அரித்த இடத்தில் இது இன்னும் மோசம்.

நல்ல தரை என்றால் போர்ச்சின் கான்கிரீட் தரைதான். தண்ணீர் வடிவதற்குக் கொத்தனார் விட்டிருக்கும் சிறு வாட்டம் பரவாயில்லை. நின்று பார்க்கும்போதே சரிவு கண்ணுக்குத் தெரிந்தால் அங்கே காரைத் தூக்க வேண்டாம். சந்தேகம் என்றால் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மினுமினுப்பான டைல்ஸ் போட்ட போர்ச்சில் வேறு ஒரு சிக்கல் உண்டு: ஈரமானால் வழுக்கும், அடியில் வெற்றிடம் இருந்தால் ஸ்டாண்டின் கால் பட்ட இடத்தில் உடையும்.

இன்டர்லாக்கோ கெட்டியான மண்ணோதான் உங்களிடம் இருக்கிறது என்றால், ஸ்டாண்டின் நாலு காலும் ஒரே பலகை மேல் நிற்கிற அளவுக்கு அகலமான பலகை வேண்டும். 18 மில்லிமீட்டர் பிளைவுட் நல்லது. நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது ரப்பர் மரப் பலகை. அதில் பதப்படுத்தாதது சீக்கிரம் பூச்சி அரித்துப் போகும், வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே பொடியாக இருக்கும். மரம்தான் வேண்டும் என்றால் அயனி, பலா, புளி மாதிரி கெட்டி மரத்தில், விரிசல் இல்லாத பலகையாகப் பாருங்கள். மணல் தரையிலும் மழையில் ஊறிய மண்ணிலும் பலகை போட்டாலும் செய்ய வேண்டாம் என்பதே என் முடிவு. சமமான கான்கிரீட் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடலாம்.

காரோடு வரும் ஸ்க்ரூ ஜாக்கி

டிக்கியில் ஸ்டெப்னியோடு கிடக்கும் இந்த ஜாக்கி வழியில் பஞ்சர் ஆனால் சக்கரம் மாற்றுவதற்கு. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்யும். எண்ணெய் அழுத்தம் கிடையாது, மரைதான் தாங்குகிறது. அதனால் சீல் (எண்ணெயை அடைத்து வைக்கும் வளையம்) கசிந்து இறங்கும் பிரச்சினை இல்லை. தலையில் உள்ள பள்ளம் காரின் பக்கவாட்டு அடி ஓரத்தில் சரியாக உட்காரும்படி அந்தக் காருக்கென்றே செய்தது.

குறை அதன் அடித்தளத்தில். உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். உயரம் கூடக் கூடப் பக்கவாட்டில் ஆட்டம் கொடுக்கும். கார் ஒரு விரல் அளவு முன்னால் நகர்ந்தாலும் ஜாக்கி மடங்கிப் படுத்துவிடும். சக்கரத்தைக் கழற்றி மாட்டும் நேரத்துக்கு, உடம்பு முழுக்க வெளியே இருக்க, இது போதும். பிரேக் பேட் மாற்ற ஒரு மணி நேரம் இதை நம்பி உட்காரக் கூடாது. 12 வோல்ட்டில் ஓடும் எலெக்ட்ரிக் ஜாக்கி என்று விற்பதும் பெரும்பாலும் இதே கத்தரி அமைப்புதான். கைவலி மிச்சம், ஆட்டம் அதே ஆட்டம்.

பாட்டில் ஜாக்கி

பாட்டில் மாதிரி நிமிர்ந்து நிற்கும் எண்ணெய் ஜாக்கி. விலை குறைவு, சின்னது, அதிக எடை தூக்கும். லாரி, பஸ், ஜீப் வைத்திருப்பவர்களுக்குப் பழகிய பொருள். இங்கே பலர் தவறாக வாங்குவதும் இதைத்தான், ஏனென்றால் இது உங்கள் காருக்கு அடியில் நுழையுமா என்று கடையில் யாரும் பார்ப்பதில்லை.

ஆல்ட்டோ, ஸ்விஃப்ட் மாதிரி கார்களின் கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் காரின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி) 160 மில்லிமீட்டரை ஒட்டித்தான். பாட்டில் ஜாக்கி முழுக்க இறங்கிய நிலையிலேயே பல மாடல்களில் 150 முதல் 190 மில்லிமீட்டர் உயரம் வரும். பக்கவாட்டு ஓரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் இருக்கும் என்பதால் காற்று நிறைந்திருக்கும்போது எப்படியோ நுழையும். டயர் பஞ்சராகி இறங்கியிருந்தால் நுழையாது. நுழைந்தாலும் அதன் தலை சின்ன வட்டம். பக்கவாட்டு ஓரமோ இரண்டு தகடு சேர்த்து வெல்டு செய்த மெல்லிய விளிம்பு. வட்டத் தலையில் அந்த விளிம்பு நிற்காது, மடங்கும் அல்லது வழுக்கும்.

பொலேரோ, பழைய ஜீப், பிக்கப் மாதிரி தனிச் சேசிஸ் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) உள்ள வண்டிகளுக்கு இதுவே நல்ல தேர்வு. சேசிஸ் சட்டத்திலோ பின் ஆக்சில் குழாயிலோ வைக்க இடம் இருக்கும், உயரமும் இருக்கும். ஆக்சிலில் வைத்துத் தூக்கினால் சஸ்பென்ஷன் தொங்காது, கொஞ்சம் தூக்கினாலே சக்கரம் தரையை விடும். ஆனால் இன்னோவா கிரிஸ்டா சுமார் 1,800 கிலோ வரும் வண்டி என்பதை மறக்க வேண்டாம். எண்ணெய் ஜாக்கி எதுவும் எண்ணெய் சீலை நம்பி நிற்கிறது. சீல் கிழிந்தாலும், வால்வில் தூசி சிக்கினாலும், யாராவது தெரியாமல் கைப்பிடியைத் திருப்பினாலும் இறங்கும். சில நேரம் மெல்ல இறங்கும், சில நேரம் ஒரேயடியாக.

ட்ராலி ஜாக்கி

இதுவும் எண்ணெய் ஜாக்கிதான், ஆனால் படுத்த வாக்கில் சக்கரம் வைத்தது. சின்ன கார் வைத்திருப்பவர்களுக்கு வீட்டில் தூக்குவதற்கு இதுதான் என் தேர்வு. அடித்தளம் அகலம், தலை அகலம், முழுக்க இறங்கினால் சாதாரண மாடலே 130 மில்லிமீட்டர் அளவில் வந்துவிடும். லோ ப்ரொஃபைல் மாடல்கள் 85 அளவுக்குக்கூட இறங்கும். நீளமான கைப்பிடி என்பதால் நீங்கள் காரை விட்டுத் தள்ளி நின்றே தூக்கலாம், இறக்கலாம். நான் அதிகம் மதிப்பது இதைத்தான்.

ஆனால் அதன் இயக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் பயன்படுத்தக் கூடாது. தலை நேராக மேலே போவதில்லை. கை ஒரு வில்லில் சுழன்று மேலே போகிறது, அதனால் உயரும்போது தலை கிடைமட்டமாகவும் சில அங்குலம் நகரும். வழவழப்பான கான்கிரீட்டில் ஜாக்கியின் இரும்புச் சக்கரங்கள் உருண்டு, ஜாக்கியே காருக்கு அடியில் நகர்ந்து இதைச் சரிசெய்துகொள்ளும். இன்டர்லாக்கில் அந்தச் சின்னச் சக்கரம் இடுக்கில் மாட்டி நிற்கும். மண்ணில் புதையும். ஜாக்கி நகராவிட்டால் ஒன்று கார் நகர வேண்டும், அல்லது தலை வழுக்க வேண்டும். அதனால் கரடான தரையில் ட்ராலி ஜாக்கிக்கு அடியில் அது உருளுவதற்கு இடம் விட்டு நீளமான பலகை போட வேண்டும். சின்னத் துண்டு போட்டால் அதன் விளிம்பில் சக்கரம் இறங்கிவிடும், போடாமலே இருந்திருக்கலாம் என்றாகும்.

2 டன் போதுமா, 3 டன் வேண்டுமா? ஸ்விஃப்ட் வகை கார் சுமார் 900 கிலோ. முன்னால் இன்ஜின் உள்ள சின்ன காரில் அதில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்பக்கம். முன்பக்கம் முழுவதையும் தூக்கினாலும் ஜாக்கிக்கு வருவது 600 கிலோவுக்குள். 2 டன் தாராளம். பெரிய ஜாக்கி வாங்குவதில் எடையைவிட உயரம்தான் ஆதாயம். இறங்கிய உயரம், ஏறிய உயரம் இரண்டையும் பெட்டியில் படியுங்கள். பக்கவாட்டு ஓரத்துக்கு நடுவில் வெட்டுள்ள ரப்பர் பேட் ஒன்றும் கூடவே வாங்கிவிடுங்கள்.

வாங்கி வந்ததும் வால்வைத் திறந்துவிட்டு எடை இல்லாமல் சில முறை அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். எண்ணெய் குறைந்தால் ஜாக்கி ஆயிலோ ஹைட்ராலிக் ஆயிலோதான் ஊற்ற வேண்டும். கையில் இருக்கிறது என்று பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல் ஊதிப் போய்க் கெட்டுவிடும்.

ஸ்டாண்டு

இனி இதைப் பற்றி. ஸ்டாண்டு என்பது எண்ணெயும் மரையும் இல்லாத வெறும் இரும்பு. தூக்காது, நிற்கும். இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்று பல் வைத்தது: நடுத்தண்டை மேலே இழுத்தால் கட கட என்று ஏறி, ஒரு கொக்கி பல்லில் விழுந்து பிடித்துக்கொள்ளும். இன்னொன்று பின் வைத்தது: குழாயில் துளைகள் இருக்கும், வேண்டிய உயரத்தில் கனமான பின்னைச் செருக வேண்டும்.

வீட்டு வேலைக்கு நான் பின் வகையைச் சொல்வேன். வேகம் குறைவு, உயரத்தைத் துளைக்குத் துளைதான் மாற்ற முடியும். ஆனால் அதில் தவறிப்போக எதுவும் இல்லை. பின் குறுக்கே போயிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாலே தெரியும். பல் வகையில் கொக்கி முழுதாக விழுந்ததா, பல்லின் நுனியில் தொங்குகிறதா என்று ஒவ்வொரு முறையும் கைப்பிடியைக் கீழே அழுத்திச் சோதிக்க வேண்டும். 2020இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரைட் என்ற கடைத்தொடர், தான் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. பல்லும் கொக்கியும் சரியாகப் பிடிக்காமல், எடையோடு இருக்கும்போது ஸ்டாண்டு இறங்கிவிடலாம் என்பதுதான் காரணம். பல் வகைதான் கிடைக்கிறது என்றால், கொக்கியோடு கூடுதலாக ஒரு பாதுகாப்புப் பின்னும் உள்ளதாகப் பாருங்கள். பின் தொலைந்துவிட்டால் கிடைத்த போல்ட்டையோ கட்டுக்கம்பியையோ செருக வேண்டாம். அதே தடிமனில், அதற்கென்று செய்த பின் வேண்டும்.

3 டன் என்று எழுதியிருப்பது ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்று கேளுங்கள். பல தயாரிப்புகளில் ஜோடிக்குத்தான். சின்ன காருக்கு எப்படிப் பார்த்தாலும் போதும், பெரிய வண்டிக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். கால்களின் வெல்டிங்கைத் தடவிப் பாருங்கள். ஓட்டையும் விட்டுப்போன இடமும் உள்ளதை வைத்துவிட்டு வேறு ஜோடி எடுங்கள். கடையில் சமதரையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஒரு கால் தூக்கி நின்றால் வேண்டாம்.

இனி, ஸ்டாண்டுக்குப் பதிலாக வைக்கப்படும் கல். ஹாலோ பிளாக், செங்கல், வெட்டுக்கல், பாறைத்துண்டு என்று வீட்டைச் சுற்றி நிறையவே கிடக்கும். சுவரில் ஆயிரக்கணக்கான கிலோவைத் தாங்குகிறதே என்பார்கள். சுவரில் எடை கல் முழுக்கப் பரவி நேராக இறங்குகிறது. காரின் மெல்லிய விளிம்பு ஒரே கோட்டில் அழுத்தும்போது பிளாக் விரிசல் விடும். இரும்பு வளைந்து எச்சரிக்கை கொடுக்கும். சிமென்ட் பிளாக் எதுவும் சொல்லாமல் நொறுங்கும். தென்னந்தடி உருளும். இதில் எதற்கும் விதிவிலக்கு கிடையாது: கார் கல்லின் மேல் நிற்கிறது என்றால் யாரும் அடியில் போகக் கூடாது.

ஜாக்கி வைத்த இடத்தில் ஸ்டாண்டை எங்கே வைப்பது?

வாங்கிய பிறகு எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. பக்கவாட்டு ஓரத்தில் முன் சக்கரத்துக்குப் பின்னால் ஓரிடம், பின் சக்கரத்துக்கு முன்னால் ஓரிடம், ஒவ்வொன்றும் இரண்டு சின்ன வெட்டுகளுக்கு இடையே வலுவூட்டியதாக இருக்கும். ஜாக்கி அங்கே உட்கார்ந்துவிட்டால் ஸ்டாண்டுக்கு இடம் இல்லை. பக்கத்தில் சும்மா தகட்டில் வைத்தால் தளம் உள்ளே குழியும்.

ட்ராலி ஜாக்கி கூடுதல் காசுக்குத் தகுதியாவது இங்கேதான். அதை முன்பம்பருக்கு அடியில் நுழைத்து, நடுவில் உள்ள குறுக்குச் சட்டத்தில் வைத்து முன்பக்கம் முழுவதையும் தூக்கலாம். இரண்டு பக்கமும் வலுவூட்டிய இடங்கள் ஸ்டாண்டுக்குக் காலியாக இருக்கும். இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்து, ஜாக்கியை மெல்ல இறக்கிக் காரை அவற்றின் மேல் உட்கார வைக்கலாம். நடுவில் எந்த இடத்தில் வைக்கலாம் என்பது காருக்குக் கார் மாறும். மாருதி சுஸூகியின் கையேடுகளில் ஒர்க்‌ஷாப் ஜாக்கி வைக்கும் இடங்களைத் தனியாகப் படம் போட்டுக் காட்டுவது வழக்கம். உங்கள் கையேட்டில் தேடிப் பாருங்கள். அதில் இல்லாத இடத்தில் அனுமானமாக வைக்க வேண்டாம். ஆயில் சம்ப் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி), கியர்பாக்ஸ், சைலன்சர் குழாய், வெறும் தளத் தகடு இவற்றில் எப்போதும் வைக்கக் கூடாது. டியாகோ இவி, நெக்ஸான் இவி மாதிரி மின்சாரக் கார்களில் தளத்துக்கு அடியில் பேட்டரி இருக்கிறது. ஜாக்கி ஓரத்திலிருந்து ஒரு கையளவு உள்ளே போனால்கூடப் பேட்டரியைத் தொட்டுவிடலாம்.

சக்கரத்துக்குக் கட்டை

ஹேண்ட் பிரேக் பெரும்பாலான கார்களில் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பின்பக்கம் முழுக்கத் தூக்கினால் அது பிடித்தும் பயனில்லை. முன் சக்கரம் இழுக்கும் காரில் அப்போது தரையோடு பிடிப்பது முன் சக்கரமும் கியரும்தான். சரி, கியரில் போட்டுவிட்டேன் என்று முன் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கினால் அங்கே வேறு சங்கதி. இரண்டு பக்கச் சக்கரமும் வெவ்வேறாகச் சுழல விடும் டிஃபரன்ஷியல் இருப்பதால், தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுழன்றுகொள்ள, தரையில் உள்ள சக்கரம் மறுபக்கம் உருள முடியும். இன்ஜின் அசையாமலே கார் நகரும். ஆட்டோமேட்டிக் காரின் பார்க் நிலைக்கும் இதே கதைதான்.

அதனால் ஹேண்ட் பிரேக், கியர் இரண்டையும் போடுங்கள். அதற்கு மேல், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ரோட்டோரத்தில் கிடக்கும் உருண்டைக் கல் வேண்டாம். டயரோடு ஒட்டி உட்காரும் முக்கோண ஆப்பு வேண்டும். ரப்பரில் செய்தது கடையில் கிடைக்கும். ஆசாரியிடம் சொன்னால் அயனியில் அறுத்தும் தருவார்.

வீல் நட்டைக் கார் தரையில் நிற்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பேனரில் ஏறி மிதித்தால் அந்த வேகத்திலேயே கார் ஸ்டாண்டிலிருந்து விழும். ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகு, அடியில் போவதற்கு முன், பம்பர் பக்கம் நின்று காரை நன்றாகத் தள்ளி ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் அப்போதே விழட்டும். ஜாக்கியையும் எடுத்துவிட வேண்டாம், லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்கட்டும். கழற்றிய சக்கரத்தைப் படுக்க வைத்து ஓரத்துக்கு அடியில் தள்ளிவிடுங்கள். எல்லாம் தவறினாலும் கார் அதன் மேல் வந்து நிற்கும்.

ராம்ப்

ஆயில் மாற்றுவது மட்டும்தான் உங்கள் வேலை என்றால் ஜாக்கி, ஸ்டாண்டு இரண்டையும்விட ராம்ப் நல்லது. கார் தன் சக்கரத்திலேயே நிற்கிறது, விளிம்பில் நிற்கவில்லை. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக உயரம் கிடைக்கும், படுத்துக்கொண்டு டிரெயின் போல்ட்டைக் கழற்ற அது போதும். சக்கரத்தைக் கழற்ற முடியாது என்பதால் பிரேக் வேலைக்குப் பயன்படாது.

ஏற்றும்போதுதான் கவனம் வேண்டும். முன் சக்கரம் இழுக்கும் காரில், வழுவழுப்பான தரையில், சக்கரம் ராம்பைப் பின்னால் உதைத்துத் தள்ளிவிடும். அடியில் ரப்பர் பாய் போட்டால் பிடிக்கும். ஒருவர் பக்கவாட்டில் நின்று சொல்ல, ஒருவர் மெதுவாக ஏற்ற வேண்டும். முன்னால் நின்று வழிகாட்ட வேண்டாம், ராம்பைத் தாண்டிக் கார் பாய்ந்தால் ஒதுங்க நேரம் இருக்காது. பம்பர் தாழ்வான செடான் கார்களுக்கு நீளமான ராம்ப் வேண்டும். இல்லையென்றால் சக்கரம் ஏறும் முன் பம்பர் இடிக்கும். கெட்டிப் பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் படிப்படியாகக் குறைத்து, திருகு போட்டு இறுக்கி வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

குழி

பழைய ஒர்க்‌ஷாப் மாதிரி போர்ச்சில் ஒரு குழி எடுத்துவிட்டால் தூக்கவே வேண்டாமே என்று புது வீடு கட்டுபவர்கள் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழியில் போய்த் தங்கும். ஒரு பொறி போதும். நிலத்தடி நீர் மேலேயே கிடக்கும் கடலோரத்திலும் வயல் பக்கத்திலும் மழைக்காலத்தில் அது கிணறு. மூடி இல்லாத நேரத்தில் குழந்தைகள் விழுவார்கள். இவ்வளவுக்கும் பிறகு சக்கரம் கழற்ற ஜாக்கி வேண்டும்தான்.

ஒர்க்‌ஷாப் லிஃப்ட்

கிளட்ச், கியர்பாக்ஸ், ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங், பெட்ரோல் டேங்க் இவற்றை வீட்டு ஸ்டாண்டில் செய்ய வேண்டாம். பெரிய பாகம் ஒன்றைக் கழற்றியதும் காரின் எடை மையம் மாறும், பலமாக இழுத்துத் தள்ள வேண்டியிருக்கும். ஆள் உயரத்துக்குத் தூக்கும் இரண்டு தூண் லிஃப்ட் அதற்குத்தான் இருக்கிறது. அங்கும் நாலு கையும் வலுவூட்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம், யாரும் கோபப்பட மாட்டார்கள்.

எதை எடுப்பது?

ஆல்ட்டோ, ஸ்விஃப்ட், ஐ10 வகை கார், கான்கிரீட் போர்ச், பிரேக் வேலையும் செய்வேன் என்றால்: ஒரு ஜோடி பின் வகை ஸ்டாண்டு, 2 டன் ட்ராலி ஜாக்கி, இரண்டு ஜோடிக் கட்டை, ரப்பர் பேட். இன்டர்லாக் என்றால் இதோடு இரண்டு சதுரப் பலகையும் ஜாக்கிக்கு ஒரு நீளப் பலகையும். ஆயில் மட்டும் என்றால் ராம்பும் கட்டையும் போதும். பொலேரோ, பிக்கப் என்றால் பாட்டில் ஜாக்கியோடு கனமான ஸ்டாண்டு. சரிவு, மணல், ஊறிய மண் என்றால் எதையும் வாங்க வேண்டாம், ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.

ஒரே மாதத்தில் எல்லாம் வாங்க முடியாது என்றால் ஸ்டாண்டும் கட்டையும் முதலில். ட்ராலி ஜாக்கியைப் பக்கத்தில் யாரிடமாவது இரவல் வாங்கலாம். ஜாக்கியை வாங்கிவிட்டு ஸ்டாண்டை அடுத்த மாதத்துக்குத் தள்ளினால், அந்த ஒரு மாதத்தில் "ஒரு நிமிஷம்தானே" என்று அடியில் போகத் தோன்றும். அந்த ஆசைக்கு இடமே கொடுக்கக் கூடாது.

நீங்களே வேலை செய்யாவிட்டாலும் ஸ்டாண்டு வீட்டில் இருப்பது நல்லது. வண்டி கிளம்பாமல் வீட்டுக்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டால், பைக்கில் ஒரு பாட்டில் ஜாக்கி மட்டும் கொண்டு வருபவர்கள் உண்டு. அவர் அடியில் படுக்கப் போகும்போது, "அண்ணே, இங்க ஸ்டாண்டு கிடக்கு, அத வச்சுக்கிடுங்க" என்று எடுத்துக் கொடுங்கள். நம் வீட்டு முற்றத்தில் வேலை செய்கிறவரின் உயிர் நம் பொறுப்பு.

கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். உப்புக்காற்றில் ஜாக்கியின் பளபளப்பான தண்டு புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும், அந்தப் புள்ளிகள் சீலைக் கிழிக்கும். வேலை முடிந்ததும் தண்டை முழுக்க இறக்கி, துடைத்து, லேசாக எண்ணெய் பூசி, மழை படாத இடத்தில் வையுங்கள். பாட்டில் ஜாக்கியை நிமிர்த்தியே வைக்க வேண்டும். ஸ்டாண்டின் வெல்டிங்கை வருடம் ஒருமுறை கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்துப் பெயின்ட் அடியுங்கள். துரு உள்ளே தின்றிருந்தால் பழைய இரும்பு எடுக்கும் ஆக்கர்க்காரரிடம் போட்டுவிடலாம், யாருக்கும் இனாமாகக் கொடுக்க வேண்டாம். பக்கத்து வீட்டில் ஜாக்கி கேட்டு வந்தால், கேட்காவிட்டாலும் ஸ்டாண்டையும் கட்டையையும் சேர்த்தே கொடுத்து அனுப்புங்கள்.